நிலம் வேர்த்த வீடு

போன கிழமை கொழும்பில், புறக்கோட்டைக் கடையொன்றில், நிலம் துடைக்கிற தடியொன்றை எடுத்து மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கத்தரிக்காயை நசித்துப் பார்ப்பவர்களையும் கருவாட்டை மணந்து பார்ப்பவர்களையும் அவர் கண்டிருப்பார். துடைப்பத்தை மணப்பவளை அன்றுதான் கண்டார் போலும். "புதுச் சாமான் அம்மா" என்றார். அதுதான் குறை. நான் தேடியது தாரும் பாசியும் கலந்த, நனைந்த கயிற்றின் மணம். அந்த மணம் வந்திருந்தால் வாங்கியிருப்பேனோ என்று கேட்காதீர்கள். பயந்து வைத்துவிட்டு வந்திருப்பேன்.

என் கணவருக்கு முதலில் வேலை கிடைத்தது ஊர்காவற்றுறைச் சுங்கக் கந்தோரில். துறைமுகத்தடியில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குச் சிவப்புச் சீமெந்து நிலம். குனிந்தால் முகம் தெரியும். நான் பிறந்த வீட்டில் சாணி மெழுகிய நிலம்; வெள்ளிக்கு வெள்ளி மெழுகினால் கடமை முடிந்தது. சீமெந்தை என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் இங்கிலாந்தின் ஆறுகளையெல்லாம் மனப்பாடம் செய்தவள் நான். தேம்ஸ் எங்கே விழுகிறது என்று இன்றும் சொல்லுவேன். சீமெந்தில் விழுந்த குழம்பை எடுப்பது எப்படியென்று ஒரு ரீச்சரும் சொல்லித் தரவில்லை.

தும்பு கட்டிய தடியொன்று வாங்கினோம். அது நிலத்தில் கீறுகீறாகக் கோடு போட்டது. பழைய சேலையைக் கிழித்துத் தடியில் கட்டினேன். அது பாதி வழியில் கழன்று அலுமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சேலையைத் தடிப்பாகக் கட்டலாமா, மெல்லிசாகக் கட்டலாமா என்று நான் வாசலில் நின்று யோசிப்பதைப் பார்த்து அவர் சிரிப்பார்.

"இஞ்சேரும், கலியாணத்துக்கும் நீர் இவ்வளவு யோசிக்கேல்லை."

"அப்ப என்னை யோசிக்க ஆர் விட்டவை?"

பக்கத்து வீட்டில் பாய்க்கப்பல் ஓட்டுகிற தண்டையல் ஒருவர் இருந்தார். எங்கள் பேச்சு வேலிக்கு அப்பால் கேட்டிருக்க வேண்டும். அடுத்த பயணத்தால் வந்தபோது கப்பலில் கழித்த பருத்திக் கயிற்றைப் பிரித்து, பிரியெல்லாம் தொங்கத் தொங்க ஒரு தடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து தந்தார். என் தலைமயிரை விட அடர்த்தி.

"தங்கச்சி, இதை நல்ல தண்ணியிலை போட்டியோ, கெதியா உளுத்துப்போம். கடல் தண்ணியிலை அலசு. கப்பல் தளத்தையே நாங்கள் அதாலைதான் கழுவுறம்."

நான் சொன்னதைச் செய்கிற பிள்ளை. தவிர, அந்தத் தீவில் நல்ல தண்ணீர் என்பது வண்டிலில் வருகிற பொருள். குடிக்கவும், கைக்குழந்தையாயிருந்த மகனுக்கும் மட்டும். கடலோ கொல்லைப்படலைக்கு அடுத்த வீட்டுக்காரன் மாதிரி. காலையும் மாலையும் துடைப்பத்தைக் கடலில் அமிழ்த்தி, அலசி, பிழிந்து துடைத்தேன். நிலம் கண்ணாடியானது. வந்தவர்கள் எல்லாரும் எப்படியென்று கேட்டார்கள். எனக்குச் சற்றுத் தலைக்கனம்கூட வந்தது.

தைப்பனி தொடங்கியபோது நிலம் வேர்க்கத் தொடங்கியது.

பொழுது சாய்ந்தால் சீமெந்தில் ஈரம் பூக்கும். நடந்தால் பாதம் பதியும். நான் துடைப்பேன், மறுநாள் இன்னும் கூடுதலாக வேர்க்கும். இன்னும் அழுத்தித் துடைப்பேன். அப்போது மகன் தவழ்கிற பருவம். வயிறு நனைய நனைய வீடு முழுவதும் உலாவி வந்தான். அவனுடைய நெஞ்சுக்குள் பூனைக்குட்டி உறுமுவது போல இழுப்புக் கேட்கத் தொடங்கியது. ஆசுப்பத்திரி மருந்தும் கொடுத்தேன், கற்பூரம் போட்ட எண்ணெயும் பூசினேன். எது சரி, எது பிழை என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே அழுதேன்.

செய்தி கேட்டுச் சரவணைக் கிராமத்திலிருந்து மச்சாள் மாட்டுவண்டிலில் வந்து இறங்கினார். என் கணவரின் தமக்கை அவர். தாயில்லாத தம்பியை வளர்த்தவர். தனக்கென்று பிள்ளை இல்லை. வாசலில் காலை வைத்தவர் எடுத்துவிட்டார்.

"மனுசர் வேர்க்கலாம். நிலம் வேர்க்கலாமோ? நான் அங்க அறை மெழுகிப்போட்டு வந்தனான். பிள்ளையைத் தாரும், தவழ்ந்து முடியட்டும், கொண்டந்து விடுறன்."

தவழ்ந்து முடிய எத்தனை மாதம்? திரும்பி வரும்போது அவன் என்னை அடையாளம் காண்பானா? என் கணவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு கந்தோருக்கு நேரமாகிவிட்டது என்றார். வண்டில் வாசலில் நின்றது. நான் பிள்ளையின் துணிகளை மூட்டையாகக் கட்டினேன். கட்டுவதும் அவிழ்ப்பதும்தான்.

அந்த இடைவெளியில் அவன் குனிந்து நிலத்தை நக்கினான். சப்புக் கொட்டினான். திரும்பவும் நக்கினான், தேசிக்காய் ஊறுகாயை நக்குகிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு. எனக்கு என்ன தோன்றியதோ, சுற்றிவரப் பார்த்துவிட்டு நானும் முழந்தாளிட்டு நாக்கை வைத்தேன்.

"இதென்ன, நீரும் நக்குறீரோ?" மச்சாள் பின்னால் நின்றார்.

"மச்சாள், உப்பு!"

பிரிவுத் துயரில் எனக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் அவர் முகம் சொன்னது. ஆனாலும் விரலால் நிலத்தைத் தேய்த்து நாக்கில் வைத்தார்.

"ஓம், உப்புத்தான். இது எங்காலை வந்தது?"

கடல் தண்ணீரில் அலசியதைச் சொன்னேன். குசினியில் உப்புச்சட்டி பனிக்குக் கசிந்து ஒழுகுவதை நாள்தோறும் பார்த்தவள்தான் நான். உப்பு ஈரத்தை இழுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்துமிருக்கிறேன். படித்தது வேறு, நிலம் வேறு என்றல்லவா இருந்துவிட்டேன்.

"நீர் பிள்ளை வளக்கிறீரோ, கருவாடு போடுறீரோ?" என்றார் மச்சாள். பிறகு, "பிள்ளை குளிச்ச தண்ணியை என்ன செய்யிறனீர்?"

"கறிவேப்பிலைக்கு ஊத்திறனான்."

"கறிவேப்பிலை கிடக்கட்டும். அந்தத் தண்ணியிலை நிலத்தைக் கழுவிப்போட்டுப் பின்னேரம் பாப்பம். வேர்த்தால் பிள்ளை என்னோட, வேர்க்கேல்லையெண்டால் உம்மோட." வண்டில்காரரை மாட்டை அவிழ்க்கச் சொன்னார்.

துடைப்பத்தை அவிக்கிற மாதிரி வெந்நீரில் போட்டு உப்பை இறக்கினோம். நிலத்தைக் கழுவப் பிள்ளை குளித்த தண்ணீர் போதவில்லை. குடத்து நல்ல தண்ணீரிலும் கை வைத்தோம். அயலார் கண்டால் ஊர் சிரிக்குமென்று மச்சாளே கதவைச் சாத்தினார். மாலையில் கடல்காற்றுக் குளிர்ந்து வந்தபோது அவர் குனிந்து நிலத்தில் கன்னத்தை வைத்தார். வைத்தபடியே இருந்தார். நான் இறுக்கிய இறுக்கில் மகன் கத்தினான்.

"காய்ஞ்சு கிடக்கு" என்றார்.

எழும்பியபோது அவர் முகத்தில் சந்தோசம் இல்லை. "மெழுகின அறை சும்மா கிடக்கப்போகுது" என்று சொல்லிக்கொண்டு வண்டிலில் ஏறினார். அவர் அந்த அறையை எப்படிப் பார்த்துப் பார்த்து மெழுகியிருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இழுப்பு விட்டது. நிலம் காய்ந்ததாலா, பனி முடிந்ததாலா, இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. தண்டையல் சொன்னபடியே துடைப்பமும் கெதியில் உளுத்தது. "கப்பலிலை வளந்ததைத் தொட்டிலிலை போட்டாய் தங்கச்சி" என்று சிரித்துவிட்டு இன்னொன்று கட்டித் தந்தார். அதற்குப் பிறகு மச்சாள் எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்ற முன்னமே குனிந்து கன்னம் வைத்துப் பார்ப்பார். மகன் எழுந்து நடந்த பிறகும், வேலி பாய்ந்து ஓடிய பிறகும்.

உலக யுத்தத்தோடு அந்தத் துறைக்குப் பாய்க்கப்பல்கள் வருவது குறைந்தது. தண்டையல் வீடு பூட்டிக் கிடக்கிறதாம். எங்களுக்குக் கொழும்புக்கு மாற்றம். மச்சாள் போன மாரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கே குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் கேட்பாரில்லாமல் ஓடுகிறது. இரண்டாவது பிள்ளை தவழத் தொடங்கிவிட்டாள். அவளை இறக்கிவிட முன்னம் நான் குனிந்து நிலத்தில் கன்னம் வைத்துப் பார்க்கிறேன். மச்சாளைப் போல "காய்ஞ்சு கிடக்கு" என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கன்னத்துக்கு நிலம் எப்போதும் கொஞ்சம் ஈரமாகவே படுகிறது.