வாய் திறக்காத குஞ்சு

எங்கள் ஒரே மகள் காய்ச்சலில் இறந்த பிறகு என் மனைவி வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. பீச் ரோட்டில் கூடாரம் போட்டுப் பயாஸ்கோப் காட்டுவதாகக் கேள்விப்பட்டு, மனம் கொஞ்சம் மாறட்டும் என்று ஒரு சாயங்காலம் சிராங்கூன் ரோட்டிலிருந்து ரிக்‌ஷாவில் அவளைக் கூட்டிப் போனேன்.

முதலில் அலைகளும் ரயிலும் காட்டினார்கள். அவள் தலை நிமிரவில்லை. அடுத்து, ஏதோ வெள்ளைக்கார தேசத்துப் பறவைக் கூடு ஒன்று திரையில் வந்தது. தாய்ப்பறவை புழுவோடு வந்ததும் குஞ்சுகள் வாயைப் பிளந்தன. ஒன்று மட்டும் தலை தொங்கிக் கிடந்தது. தாய் மற்றவற்றுக்கு ஊட்டிவிட்டுப் பறந்துபோனது. சனங்கள் கைதட்டினார்கள். மனைவி என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, அந்தச் சின்னதுக்கு ஊட்டலையே?"

"அடுத்த தடவை ஊட்டும்."

ஆனால் படம் அதோடு முடிந்தது. கோமாளி ஒருவன் திரையில் உருண்டு புரண்டான். கூடாரமே சிரித்தது. அவள் எழுந்து வெளியே போய்விட, நான் பின்னாலேயே ஓடினேன்.

"அது பொழச்சிருக்குமா?" என்று கேட்டாள்.

"பொழச்சிருக்கும்மா."

"நம்ம புள்ளைக்கும் இப்படித்தானே சொன்னீங்க."

அதில் கோபமே இல்லை. மகளை அடக்கம் செய்த அன்றுகூட அழாதவள், சாலையோரம் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.