அவள் அடித்த வரி

புனே பக்கம் பிம்ப்ரியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது, வெளியூர்த் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்யும் கல்லூரிப் பெண் ஒருத்தி என்னிடம் பேட்டி எடுத்தாள். வளர்ந்தது புனேயில், தமிழ் தடுமாறும். எந்நேரமும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பாள். மறுவாரம் தாளோடு வந்தாள்.

"நீங்க பேசினத ஏஐ சுருக்கிக் குடுத்தது, அண்ணா. உங்க பேர் அதுல போடல. தப்பு இருந்தா சொல்லுங்க" என்று வரிவரியாகப் படித்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"'ஊர் திரும்ப ஏங்குகிறார்.' இது நீங்க சொன்னீங்களா?"

"நான் எங்கே பாப்பா சொன்னேன்? கூலி, சோறு, ரூம் வாடகை, அதைத்தானே பேசினேன்."

"அச்சா, ஏஐ அதுவாவே சேத்திருக்கு. சொல்லாதத போட்டா பொய் ஆயிடும்" என்று அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டாள்.

பிறகு பல ஊர்கள் மாறிவிட்டேன். அவள் செய்தது சரிதான். இருந்தாலும், அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் அவள் இன்னொரு முறை கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.