பெரிய டப்பா பக்கம்

வானகரம் ஏசி ஜிம்மில் கம்பியை இறக்கியதும் உள்ளங்கையில் அதே இரும்பு வாசனை. நூம்பலில், ரஹீம் பாயின் மெக்கானிக் கொட்டகைக்குள், பெயின்ட் டப்பாக்களில் சிமெண்ட் ஊற்றிக் குழாயின் இரு முனையிலும் பதித்திருந்ததை, பள்ளி விட்டதும் நாங்கள் வரிசையில் நின்று தூக்குவோம். வலது டப்பா பெரியது. கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தே எல்லோரும் தூக்கியதால், குழாயைத் திருப்பிப் போட யாருக்கும் தோன்றவில்லை.

"எவ்ளோ தூக்குனா ஒடம்பு ஏறும், பாய்?"

"கை நடுங்குற வரிக்கும் தூக்கு. அப்பால அடுத்தவனுக்குக் குடு."

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி.

"ரைட் ஷோல்டர் மட்டும் பெருசா கீது, சார்," என்றார் பயிற்சியாளர்.

பக்கத்தில் தூக்கிக்கொண்டிருந்த வழுக்கைத் தலைக்காரரைக் கண்ணாடியில் பார்த்தேன். அவருக்கும் வலதுதான் பெரிது.

"பாய் கொட்டகையா?" என்றேன்.

கம்பியை இறக்கினார். "நீங்க எந்த பேட்ச்சு?"