திரை முழுக்கச் சொந்தக்காரர்கள்

போன வாரம் வீட்டுக்குப் புது லேப்டாப் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை அடித்தது பாருங்கள், நேராக என்னைக் கீழவாசல் பக்கத்து டி.டி.பி. கடையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கல்யாணம், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி மூன்றுக்கும் அந்தக் கடையில் நான்தான் வடிவமைப்பாளர். அப்படிச் சொல்லிக்கொண்டது நான் மட்டும்தான். மற்றவர்களுக்கு நான் 'டைப் அடிக்கிற தம்பி'. முதலாளி ரெங்கராஜ் அண்ணன் சௌராஷ்டிரர். கோபம் வந்தால் வீட்டு மொழிக்குத் தாவிவிடுவார். எனக்குப் புரியாததால் எல்லாவற்றையும் ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொண்டு, பல வருடம் மானத்தோடு வேலை பார்த்தேன்.

புது சிஸ்டம் வந்து இறங்கிய அன்று அண்ணன் சூடம் காட்டி மானிட்டருக்குப் பொட்டு வைத்தார். திரையில் நீல வானம், அதற்குக் கீழே பச்சைப் புல்மேடு. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு வாரம் அந்த மேடு தெரிந்தது. பிறகு அண்ணன் சிடிகளோடு வர ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் மாத இதழோடு இலவசமாக வந்தது, மச்சினன் கொடுத்தது, யாரோ மறந்துவிட்டுப் போனது. ஜாதகம் கணிக்க ஒன்று, பியானோ வாசிக்க ஒன்று, மீன் நீந்த ஒன்று, பாட்டுக் கேட்க மூன்று. கடையில் ஸ்பீக்கரே கிடையாது. எந்த சாஃப்ட்வேரும் தனியாக வராது. டெஸ்க்டாப்பில் தனக்கொரு ஐகான், தன் பெருமையைப் படிக்க ஒன்று, தன்னை நீக்க ஒன்று, தன் கம்பெனிக்கு வழிகாட்ட ஒன்று. கல்யாண வீட்டுக்கு வேன் பிடித்து வந்து இறங்குகிற கூட்டம்தான்.

"அண்ணே, வேண்டாதத எடுத்துரவா?"

"வந்தவுகள வெளிய போன்னு சொல்லுவியா? இருந்துட்டுப் போகட்டும்ப்பா. கஸ்டமர் பாக்கையில நெறஞ்சு இருக்கணும்ல."

கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவரின் நியாயம் அது. எங்கள் ஊர்ப் பத்திரிகையில் ஓரிடம் வெள்ளையாக இருந்தால், அங்கே யாரோ ஒரு சித்தப்பாவை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். கூட்டம் தெரியட்டும் என்றே மானிட்டரைத் தெருப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். தெருவுக்கு எதிரே இன்னொரு டி.டி.பி. கடை, அங்கேயும் மானிட்டர் அதே கோணம்தான். அதை எட்டிப் பார்த்தே டைப் அடித்ததில் இன்றைக்கும் என் கழுத்து லேசாக வலப்பக்கம் சாய்ந்திருப்பதைச் சிலர் அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

அப்படி இருக்கையில் கீழக்குயில்குடியிலிருந்து ஒரு தாய்மாமன் வந்தார். தங்கை மகளுக்குக் காதணி விழா. ஆயிரம் பத்திரிகை. கடை அதுவரை கண்டிராத ஆர்டர். அவர் சரிபார்க்க வருவதற்கு முந்தின நாளே அடித்து டெஸ்க்டாப்பில் சேமித்திருந்தேன். மாமன் பார்த்துத் தலையாட்டினால் அச்சுக்குப் போய்விடும். பத்திரிகையைத்தான் காணோம்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கச் சோம்பல்பட்டு, கையில் பட்ட எழுத்துகளை அமுக்கிச் சேமிப்பது அந்நாளைய என் கலைப்பாணி. டெஸ்க்டாப்பிலோ இடமில்லாமல் ஐகான்கள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. தேடித் தருவதற்கென்றே அந்த சிஸ்டத்தில் ஒரு நாய்க்குட்டி உண்டு. பெயர் தெரியாமல் அது எதை மோந்து பார்க்கும்? வாலை மட்டும் ஆட்டியது.

"என்னப்பா, எந்தங்கச்சி மக காது தோள்ல வந்து விழுகுற வரைக்கும் தேடுவியா? எதிர்த்த கடைக்குப் போறேன்" என்றார் மாமன்.

அண்ணன் வீட்டு மொழிக்குத் தாவிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் திரையின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் பலூன் எழும்பியது. பயன்படாத ஐகான்கள் கிடக்கின்றன, ஒதுக்கட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. அவ்வப்போது கேட்கும். அண்ணன் உத்தரவுப்படி மூடிவிடுவேன். அன்று அவர் முகத்தைப் பார்க்காமல் சரியென்று அமுக்கிவிட்டேன்.

கூட்டம் மொத்தமும் ஒரு ஃபோல்டருக்குள் போய் அடங்கியது. மாதக்கணக்கில் காணாமல் போயிருந்த புல்மேடு எழுந்து வந்தது. அதன்மேல் குப்பைத்தொட்டி, அந்த ஃபோல்டர், என் காதணி விழா. அவ்வளவுதான். திறந்து காட்டினேன். மாமன் தன் பெயரை விரலால் தொட்டுப் படித்தார். திருப்தி. ஃபைலை மூடினேன். அங்கேதான் கெட்டது.

"என்னண்ணே, மிசின்ல ஒண்ணுமே இல்ல? பொட்டலாக் கெடக்கு!"

"எல்லாம் உள்ள இருக்குண்ணே" என்றார் ரெங்கராஜ் அண்ணன் பரிதாபமாக.

"எங்கூரு மலையிலயாச்சும் சமணருக படுத்த படுக்கை இருக்கு. இதுல ஆடு மேய்க்கக்கூட ஆளக் காணோம். எதிர்த்தாப்ல பாருங்க, எம்புட்டு சாமான் வச்சிருக்கான்! இருங்க, வாரேன்."

தெருவைத் தாண்டினார். ஆயிரமும் அங்கேதான் அடித்தார்கள். அன்று சாயங்காலம் ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டேன். முதுகுக்குப் பின்னால் அண்ணன் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார்: "அந்த மீனு எங்க? மீனப் போடு."

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். என் புது லேப்டாப்போ வரும்போதே கூட்டத்தோடுதான் வந்தது. ஒதுக்கட்டுமா என்று கேட்க ஒரு பலூன் இல்லை. நானே ஒவ்வொன்றாக ஒழித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு பத்திரிகை வந்தது. ரெங்கராஜ் அண்ணனின் இளைய மகனுக்குக் கல்யாணம். வெள்ளைப் பரப்பில் ஒரு இலை, இரண்டு பெயர், ஒரு தேதி. விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"என்னண்ணே, உங்க பேரையே காணோம்?"

"இப்ப இப்பிடித்தானாம் தம்பி." கொஞ்சம் இழுத்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் உள்ள இருக்கு."

போனை வைத்துவிட்டு அந்த வெள்ளையை மறுபடி தட்டித் தட்டிப் பார்த்தேன். திறப்பதற்கு அதில் ஃபோல்டர் எதுவும் இல்லை.