கால் தரையில் படாத கல்யாணப் படம்

ஞானாம்பிகை கொம்தார் கட்டடத்தைப் பிடுங்கிக் கடலில் நட்ட அன்று, நான் கவுண்டரில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"புஷ்பா, இங்க வந்து பாரேன்" என்று உள்ளிருந்து கூப்பிட்டாள்.

போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் திரை முழுக்கக் கடல். நடுக்கடலில் எங்கள் ஊரின் உயரமான கட்டடமான கொம்தார். அதன் உச்சியில் எங்கள் முதலாளி பழனியப்பன் அண்ணன் கைலியும் பனியனுமாக, கையில் தேத்தண்ணிக் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். நான் சிரித்த சிரிப்பில் படம் வாங்க வந்திருந்த ஆள் பயந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

இது தொண்ணூற்றாறில் நடந்தது. பினாங்கில், ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில், பூமாலைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. பின்னால் தொங்கவிட மூன்று திரைகள் வைத்திருந்தோம்: பனிமலை, ரோஜாத் தோட்டம், மாளிகைப் படிக்கட்டு. ஊரில் பாதிக் குடும்பங்கள் அந்தப் படிக்கட்டில் ஏறாமலேயே அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டவைதான்.

ஞானம் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். அப்பா விநாசித்தம்பி ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் பிறந்தால் கிளார்க் ஆகலாம், டீச்சர் ஆகலாம்; வேறு எதுவும் ஆவதற்கு வழி கிடையாது. இவளும் ஒழுங்காக ஒரு லாயர் ஆபிஸில் டைப்பிஸ்ட்டாகத்தான் இருந்தாள். ஆனால் சின்ன வயசிலேயே கத்தரிக்கோல் கிடைத்தால் சும்மா இருக்கமாட்டாளாம். பத்திரிகையில் வரும் தலைகளை வெட்டிக் காலண்டரில் இருக்கும் மாடு, மீன், விமானம் எல்லாவற்றிலும் ஒட்டிவிடுவாள். அப்பாவின் பிரியாவிடைப் படத்தில் அவர் தலையை வெட்டி ஒரு சுறாமீனுக்கு வைத்ததை அந்த வீட்டில் இன்னும் யாரும் மன்னிக்கவில்லை.

எங்கள் கடைக்கு ஒரு பாஸ்போர்ட் படம் எடுக்கத்தான் வந்தாள். அப்போதுதான் பழனியப்பன் அண்ணன், அடுத்த தெரு சீனன் ஸ்டூடியோவில் பார்த்துவிட்டு, கௌரவத்துக்காக ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கிப் போட்டிருந்தார். அதைத் திறக்கத் தெரியாமல் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருந்தோம். ஞானம் துண்டை விலக்கினாள். "தொட்டுப் பாக்கலாமாண்ணே" என்று கேட்டு உட்கார்ந்தவள் கடை சாத்தும்வரை எழுந்திருக்கவில்லை. அந்த மாதமே லாயர் ஆபிஸ் வேலையை விட்டுவிட்டாள். "படம் ஒட்டவா உன்னைப் படிக்க வச்சேன்" என்று கேட்ட அப்பா, அதோடு அவளிடம் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்.

அவள் வேலை செய்வதைப் பார்ப்பதே எனக்குப் பெரிய வேடிக்கை. படங்களை ஸ்கேனரில் ஏற்றுவாள். ஆளின் ஓரத்தை மயிரிழை மயிரிழையாக மௌஸால் வெட்டி எடுப்பாள். ஒவ்வொன்றும் ஒரு லேயர். கண்ணாடித்தாளில் ஒரு படம், அதன்மேல் இன்னொரு கண்ணாடித்தாளில் இன்னொரு படம் என்று அடுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எதை வேண்டுமானாலும் நகர்த்தலாம், மறைக்கலாம், திரும்பக் கொண்டுவரலாம். மிஷின் மட்டும் சரியான சோம்பேறி. ஒரு மேகத்தைப் பெரிதாக்கச் சொல்லிவிட்டுப் போனால், காப்பி கலந்து குடித்துக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வரலாம். அதுவரை ஞானம் முழங்காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். மேசையும் சேர்ந்து ஆடும். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு நானும் பக்கத்தில் நின்று ஆட ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் முதலாளிக்கு வியாபாரம் வேண்டுமே. அவருடைய மச்சான் பட்டர்வொர்த்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்திக்கொண்டிருந்தார். அந்த மிஷின்மேல் அவருக்கு ஒரு கண்.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன் ஞானம்" என்றார் பழனியப்பன் அண்ணன். "இந்த மாதிரிப் படந்தான் வேணும்னு ஒருத்தராச்சும் வாய்விட்டுக் கேட்டு வரணும். இல்லாட்டி மிஷின் மச்சான்கிட்ட போயிரும். நான் என்ன மியூசியமா நடத்துறேன்?"

ஞானம் தலையை ஆட்டினாள். மிஷின் போனால் அவள் திரும்பவும் டைப்ரைட்டர் முன்னால் போய் உட்காரவேண்டியதுதான்.

தீபாவளிக்குச் சில வாரம் இருக்கும்போது தனபாலன் வந்தான். பைராம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துப் பையன், சிம்பாங் அம்பாட்டில் ஃபேக்டரி வேலை, புதுசாகக் கல்யாணம் ஆனவன். கல்யாணப் படத்தை நீட்டி, "வேற மாதிரி ஏதாச்சும் செஞ்சு குடுங்கக்கா" என்றான். ஞானம் அப்போதே அதை ஸ்கேனரில் வைத்தாள். அவனையும் அவன் பெண்டாட்டி ஜெயலெட்சுமியையும் தூக்கி வானத்தில் நிறுத்தினாள். கீழே அக்கரைக்கு ஆளேற்றும் மஞ்சள் ஃபெரி, அதற்கும் கீழே ஜார்ஜ் டவுன் கூரைகள். இருவரையும் சுற்றி வெள்ளை மேகம், தலைக்குப் பின்னால் ஒளி. பார்த்ததும் தனபாலன் குதித்தான். பெரிதாக அச்சடித்து, ஃப்ரேம் போட்டு வாங்கிக்கொண்டு போனான். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் ரோஜாக் வாங்கித் தின்று கொண்டாடினோம்.

அடுத்த வாரமே கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் தனபாலனின் அம்மா நல்லம்மாள். கையில் துண்டால் சுற்றிய அந்த ஃப்ரேம். பின்னால் தொங்கிய முகத்தோடு தனபாலன். அவனுக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெயலெட்சுமி.

"இந்தப் படத்த செஞ்சது யாரு?" என்றார் நல்லம்மாள். "நான் ஒண்ணு கேக்குறேன். என் மவன் உசுரோட இருக்கானா இல்லையா? இந்தா நிக்கிறான், பாத்துச் சொல்லுங்க."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சுங்கை பாக்காப்புலேர்ந்து என் நாத்தனா வந்தா. கல்யாணத்துக்கு வரமுடியாதவ. படத்தப் பாத்தா. அப்படியே செவுத்துல சாஞ்சுட்டா. 'எப்ப நடந்துச்சு, ஆக்சிடெண்டா, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே'ன்னு ஒப்பாரி வைக்கிறா. இவன் அடுப்படியில உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருக்கான்லா. பாருங்க, மேகம். பாருங்க, லைட்டு. ரெண்டு பேருக்கும் காலே இல்ல. பேய்க்குத்தான் காலு தரையில படாது."

ஃப்ரேமைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது எங்கள் கடையின் ஒரே மேகம். நினைவுநாள் படங்களுக்காக ஸ்கேன் செய்து வைத்திருந்தது. இறந்துபோன அத்தனை தாத்தாக்களும் மாமாக்களும் அந்த மேகத்துக்கு மேலேதான் நெஞ்சுவரை தெரிவார்கள். பத்திரிகையில் வாராவாரம் வரும் மேகம். ஞானம் அழகை மட்டும் பார்த்து எடுத்துப் போட்டுவிட்டாள். நாங்களும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போய் எதையும் கவனிக்கவில்லை.

பழனியப்பன் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "காசைத் திருப்பிக் குடுத்துருவோம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "புஷ்பா, மச்சானுக்கு ஒரு போன் போடு. மிஷினை வந்து எடுத்துக்கச் சொல்லு" என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். ஒரு நம்பரையும் அழுத்தாமல், "லைன் கிடைக்கலண்ணே" என்றேன்.

ஞானம் அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள். "அம்மா, இங்க உக்காருங்க. உங்க கண்ணு முன்னாலயே மாத்துறேன்."

நல்லம்மாள் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். ஞானம் மௌஸை ஒரு தட்டுத் தட்டினாள். மேகம் மொத்தமும் மறைந்தது. அதற்கு அடியில் மாப்பிள்ளையின் கால், பெண்ணின் மெட்டி போட்ட விரல்கள், எல்லாம் பத்திரமாக இருந்தன.

"அட, காலு இருக்கு" என்றார் நல்லம்மாள்.

"எப்பவும் இருந்துச்சும்மா. நான்தான் மூடிட்டேன்."

இருவரையும் மெல்ல இறக்கி ஃபெரியின் கூரைமேல் நிறுத்தினாள். பிறகு அதே உருவங்களை இன்னொரு தடவை எடுத்து, கறுப்பாக்கி, சாய்த்துப் படுக்கவைத்தாள். மிஷின் யோசிக்க ஆரம்பித்தது. திரையில் நீலக்கோடு ஊர்ந்தது. நல்லம்மாள் முன்னால் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஞானத்தின் முழங்கால் ஆடியது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் நல்லம்மாளின் முழங்காலும் ஆடிக்கொண்டிருந்தது.

கூரைமேல் இரண்டு நிழல்கள் நீளமாக வந்து விழுந்தன.

"விழுந்துருச்சு" என்றார் நல்லம்மாள், பந்தாட்டத்தில் யாரோ கோல் போட்டதுபோல. "டேய் தனபாலா, உன் நெழலு விழுந்துருச்சுடா."

அதற்குப் பிறகு கடை கடையாக இல்லை. வேனில் இருந்தவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஃபெரி பக்கத்தில் ஒரு பெரிய மீன் துள்ளட்டும் என்றான் ஒருவன். கூரை ஓரத்தில் எங்கள் ஹோண்டாவை நிறுத்துங்கள் என்றான் இன்னொருவன். அதுவரை வாயே திறக்காத ஜெயலெட்சுமி குனிந்து, "அக்கா, என் நெழலு அவரு நெழல விட ஒரு சாண் பெரிசா இருக்கட்டும்லா" என்றாள். ஞானம் உடனே நீட்டிவிட்டாள். நான் ரிசீவரை இன்னமும் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் தேத்தண்ணி குடிக்க வெளியே போனபோது நல்லம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணு செஞ்சு குடுப்பியா?" என்று கேட்டார்.

பழனியப்பன் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"செய்றேம்மா. எங்க நிக்கணும் நீங்க? ஃபெரி மேலயா, கொம்தார் மேலயா?"

"நிக்க வேணாம்" என்றார் நல்லம்மாள். "அந்தத் தோட்டத்துல ரப்பர் பால்மரம் வெட்டுனப்பவும் நின்னேன். செம்பனை வந்தப்பவும் நின்னேன். என் காலு தரையில பட்டது போதும். என்னைப் பறக்க வை."

ஞானம் மௌஸிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெதுவாக, "உங்க நாத்தனார் பாத்தா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

நல்லம்மாள் திரையின் அடிப்பக்கத்தை விரலால் காட்டினார். "கீழ நெழலப் போட்டுரு. உசுரோடதான் பறக்குறேன்னு தெரியட்டும்."

பழனியப்பன் அண்ணன் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி வைத்துவிட்டு, விளக்குகளைப் போடப் போனார்.

இரண்டு ஸ்டூலைச் சேர்த்துப் போட்டு நல்லம்மாளைக் குப்புறப் படுக்கவைத்தோம். கையை விரிக்கச் சொன்னோம். நான் மேசை விசிறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். முந்தானை பின்னால் படபடவென்று அடித்தது. "விழுந்துறப் போறேன்டி" என்று கத்திக்கொண்டே அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு பூமாலைக் கடைவரை கேட்டிருக்கும். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. விசிறியும் ஆடியது.

மிஷின் எங்கும் போகவில்லை. தீபாவளிக்கு முன்பே தோட்டத்திலிருந்து ஒவ்வொருவராக வந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஞானம் அதன் முன்னால் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

நல்லம்மாள் படத்தின் ஒரு பிரதியை நாங்கள் கடைவாசலில் மாட்டியிருந்தோம். பைராம் தோட்டத்துக்கு மேலே, நீல வானத்தில், ஒரு துளி மேகம்கூட இல்லாமல் அவர் பறந்துகொண்டிருப்பார். கீழே வரிசை வரிசையாகச் செம்பனை. அவருடைய நிழல் அந்த வரிசைகளைக் கடந்து நீளமாக விழுந்திருக்கும். தோட்டத்து மேனேஜர் பங்களாவின் கூரை முழுவதும் அந்த நிழலுக்குள் அடங்கிவிட்டது.