சேவல்கால் மயில்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. உறவினர் கையில் கொடுக்கப்போகும் இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், சொல்லிவிட்டார். இதுபோன்ற மலர்கள் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் மறைந்தவர்கள் எல்லோரும் பொறுமையின் வடிவமாகவே இருக்கிறார்கள். எங்கள் அக்காவுக்குப் பொறுமை கம்மி. ஒரு தாளை யாராவது மடித்துவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த ஓராண்டில் நான் இன்னும் ஒழுங்காக அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சிலர் என் காதுபடவே சொன்னார்கள். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், போன் வந்தால் எடுத்துப் பேசுகிறேன். உள்ளே எதுவும் அசைய மாட்டேன் என்கிறது.

தியாகதுருகத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், குத்தகை நிலத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டுப் பிழைத்த குடும்பத்தில், அக்கா மூத்தவராகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். அம்மா நடவுக்குப் போகும்போது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு வடித்தவர் அவர்தான். பள்ளியில் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்த பூவேலை மட்டும் படிப்போடு நிற்கவில்லை.

அந்நாளில் வார இதழ்களோடு எப்போதாவது பூவேலைப் படம் ஒன்று பெரிய தாளில் இணைப்பாக வரும். தலையணை உறைக்குக் கிளி, மேசை விரிப்புக்குத் திராட்சைக் கொத்து என்று ஏதாவது இருக்கும். மற்ற பெண்கள் அந்தத் தாளின் மேலேயே ஊசியை ஓட்டி, நாலு தடவையில் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அக்கா அச்சிட்ட தாளில் ஊசி படவே விட மாட்டார். ஜன்னல் கம்பியில் ஒரு கண்ணாடியைக் கட்டி, வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி படத்தை ஒட்டி, அதன்மேல் பட்டர் பேப்பரை வைத்து பென்சிலால் பார்த்து வரைவார். பிறகு அந்த நகலில்தான் கோடு நெடுக ஊசியால் பொடிப்பொடியாய்த் துளை போடுவார். துளை போட்ட நகலைத் துணிமேல் பரப்பி, மண்ணெண்ணெயில் நீலப்பொடி குழைத்துப் பஞ்சால் ஒற்றி எடுத்தால், துணியில் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கியிருக்கும். அச்சிட்ட தாள் அன்று வாங்கியது போலவே திரும்ப உள்ளே போய்விடும்.

அந்த உள்ளே என்பது எது என்று சொல்ல வேண்டும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே தாள்களை அடுக்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றித் தைத்து, தாம் படுக்கும் இலவம்பஞ்சு மெத்தையின் உறைக்குள், பஞ்சுக்கு அடியில் செருகி வைத்திருப்பார். பெட்டியில் வைத்தால் பூச்சி அரிக்கும், பரணில் வைத்தால் எலி கடிக்கும் என்பது அவர் கணக்கு.

“மேல ஆளு படுத்துக்கினு இருந்தா தாளு சுருளாது, ஓதமும் ஏறாது. இதவிட பத்திரம் எங்க கெடைக்குது?” என்பார். எங்கள் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்களில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தம் கையால் பூவேலை செய்த தலையணை உறைகளோடுதான் புகுந்த வீட்டுக்குப் போவேன் என்று பிடிவாதமாக இருந்தார். கல்யாணத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது ஓர் இதழில் மயில் படம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுக் கடையில் கடைசியாகக் கிடந்த இதழ் எங்களுக்குக் கிடைத்தது. திரும்பும்போது பஸ் இல்லை. சாலை நெடுகப் போராட்டக்காரர்கள் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். நடந்தே வந்தோம். படம் கசங்கக் கூடாது என்று அதைத் தனியே சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, கிளைகளை விலக்கி வழிவிட்டார்கள்.

கொஞ்ச தூரத்தில் போலீஸ் நின்றது. ஒரு காவலர் எங்களை நிறுத்தினார்.

“இன்னாம்மா அது? போஸ்டரா?”

“மயில் படங்க. தலகாணிக்கு.”

“ஊரே பத்திக்கினு எரியுது, இது மயில் படம் வாங்கினு போவுதாம். காட்டு பாக்கலாம்.”

“நானே பிரிச்சிக் காட்டறங்க. கை வேர்வையா இருக்குது, தொடாதீங்க.”

போலீஸ்காரரிடம் அப்படிப் பேசிய பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. காவலர் தாளைப் பிடித்து இழுத்தார். அக்கா விடவில்லை, அவரும் விடவில்லை. கீழ்மூலை கிழிந்து காற்றில் போய் வெட்டிய புளியங்கிளைகளுக்குள் எங்கோ விழுந்தது. தாளைப் பிரித்தபோது தோகை இருந்தது, கழுத்து இருந்தது, ஒரு கால் இல்லை. காவலருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“மயிலுதான். சரி, போங்கம்மா, சீக்கிரம் வூடு போய்ச் சேருங்க” என்றார்.

கிளைகளுக்குள் குனிந்து தேடிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. வீடு வரும்வரை அக்கா எனக்கு முன்னால் வேகவேகமாக நடந்தார். எனக்குப் பசித்தது, அதைச் சொல்லப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் கூரை நிழலில் சேவலைக் கயிற்றில் கட்டிப் போட்டு, எதிரே உட்கார்ந்து அதன் காலைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். வேறொரு வெள்ளைத் தாளை வெட்டி, கஞ்சிப் பசையால் ஒட்டி, இல்லாத காலை அதில் இறக்கினார். சேவல் ஓர் இடத்தில் நிற்குமா? கால் கொஞ்சம் குட்டையாகவும், பின்முள் ரொம்பப் பெரிதாகவும் அமைந்துவிட்டது. அழித்து வரைய நேரமில்லை. அந்த மயிலே தலையணை உறையில் ஏறிக் கல்யாணத்துக்கும் போனது.

முதல்நாளே மாமா கண்டுபிடித்துவிட்டார்.

“மயிலுக்கு இன்னா, சேவக்கால் வச்சிருக்கற?”

“தலைய வச்சிப் படுக்கறதுக்குத்தான தச்சேன். கால எதுக்குப் பாக்கறீங்க?” என்று அக்கா கேட்டாராம். இதை மாமா எங்களிடம் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மாமாவுக்குக் கல்வராயன் மலையில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. அக்காவும் பல ஆண்டுகள் மலையிலேயே இருந்தார். குளிரும், மழைக்காலத்தில் அறுந்துபோகும் போக்குவரத்தும், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கீழே இறங்க வழியில்லாத தவிப்பும் அவருக்கு வாய்த்தன. அங்கேதான் பெண்கள் படம் கேட்டு வரத் தொடங்கினார்கள். தாளை யாருக்கும் கையில் கொடுத்தனுப்ப மாட்டார். பேப்பரும் பென்சிலும் கொண்டுவந்து, அவர் வீட்டு ஜன்னலில் வைத்து, அவர் கண்முன்னால் வரைந்துகொள்ள வேண்டும். கோடு பிசகினால் திட்டு விழும். திட்டி முடித்தபின் காப்பி கிடைக்கும்.

கள்ளக்குறிச்சிக்குக் குடிவந்த பிறகு, தலையணை உறை வியாபாரி ஒருவர் எல்லாத் தாளையும் விலைக்குக் கேட்டார். அக்கா வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

“வூட்டுக்கு ஒண்ணு வேணும்னா உங்க சம்சாரத்த வரச் சொல்லுங்க, எடுத்துக்கட்டும். கடைக்குன்னா கெடையாது. எவரோ கண்ணு நோவ வரைஞ்சது. நாம வச்சி வித்தா அது திருட்டுங்க.”

கடைசி ஆண்டில் சர்க்கரை அவர் சிறுநீரகத்தைப் பாழாக்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். படுக்கைப் புண் வராமலிருக்கத் தண்ணீர் மெத்தை போடலாம் என்று மகன் குமார் சொன்னான். அக்கா தலையை ஆட்டி மறுத்தார். எங்கே குடிபோனாலும் கூடவே கொண்டுபோன தம் பழைய மெத்தையிலேயே படுத்திருந்தார், அதிலேயே ஒரு விடியற்காலையில் போய்விட்டார்.

இறந்தவர் படுத்திருந்த பாய், தலையணை, மெத்தை எதையும் வீட்டில் வைத்திருப்பது எங்கள் வழக்கம் இல்லை. பங்காளிகள் முறைப்படி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்கள். மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டியதை நான் நின்று பார்த்தேன். மாமா பார்த்தார், குமார் பார்த்தான். சுடுகாட்டில் ஒதுக்குப்புறமாகப் போட்டுக் கொளுத்தியிருக்கிறார்கள். யாரும் தவறு செய்யவில்லை. எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் தோன்றவில்லை.

கருமகாரியத்தன்று பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “மகளுக்குக் கல்யாணங்க. மயில் படம் எடுத்துக்கச் சொல்லியிருந்தாங்க. இன்னொரு நாள் வரட்டுங்களா?”

நான் எழுந்து போய்க் கட்டிலில் கையை நீட்டினேன். மெத்தை இல்லாத கட்டிலின் நாடாதான் தட்டுப்பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா போனார், அவர் வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றிய தாள்களை நாங்களே அனுப்பி வைத்தோம். அவர் கையால் செய்தது எதுவும் எங்களிடம் மிஞ்சவில்லை. கல்யாணத் தலையணை உறைகள்கூட எப்போதோ கிழிந்து கைப்பிடித் துணியாகிப் போனவை. இது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அப்போதும் அழுகை வரவில்லை.

சென்ற மாதம் கல்வராயன் மலையிலிருந்து சின்னப்பொண்ணு வந்தார். மலையில் அக்காவிடம் படம் எடுத்துப்போனவர்களில் ஒருவர். அக்கா இறந்த செய்தி அவருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. கையில் ஒரு மூங்கில் குழாய் வைத்திருந்தார்.

“மடிச்சா அக்கா திட்டுவாங்கன்னு இதுலயே போட்டு வச்சிருந்தேங்க. தாளெல்லாம் போயிட்டுதுன்னு பஸ்ல ஒருத்தங்க சொன்னாங்க. இது உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார்.

குழாயிலிருந்து பட்டர் பேப்பரை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். துளைகள் வழியே வெளிச்சம் வந்தது. தோகை தெரிந்தது, கழுத்து தெரிந்தது. மாமா அவற்றைப் பார்க்கவில்லை. குனிந்து கீழ்மூலையைத்தான் பார்த்தார்.

“இருக்குது. சேவக்கால் இருக்குது” என்றார். அவர் குரல் உடைந்தது. நானும் குனிந்தேன். கண்ணில் நீர் திரண்டு துளைகள் மங்கின, அக்கா போனபிறகு முதல்முறையாக.

அக்காவின் நோய்க்காலத்தில் துணைநின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவு பகல் பாராமல் வண்டி ஓட்டிய தம்பிமார்களுக்கும், துக்கத்தில் பங்கெடுத்த உற்றார் உறவினருக்கும், தன்னிடம் இருந்த ஒரே நகலை எங்களிடம் விட்டுப்போன சின்னப்பொண்ணு அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அந்த மயிலை முழு அளவில் தனித்தாளாக அச்சிட்டு, இம்மலரோடு சுருட்டிக் கொடுத்திருக்கிறோம். அச்சகத்துப் பையன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, “கால் தப்பா இருக்குதுங்க, சரி பண்ணிடட்டுமா?” என்று கேட்டான். வேண்டாம் என்று மாமாவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். விற்க வேண்டாம். அச்சுத்தாளில் ஊசி படாமல் நகல் எடுத்துத் துளை போடுங்கள், தயவுசெய்து மடிக்காதீர்கள். காலைத் திருத்தாதீர்கள். மயிலை யார் வரைந்தாரோ எங்களுக்குத் தெரியாது. அந்தக் கால் எங்கள் அக்கா வரைந்தது.