கம்பி போஸ்ட்டும் கம்போஸ்ட்டும்

போன வாரம் எங்கள் ஊரில் ஓர் அதிசயம். நன்கொடை கேட்டு வாசலில் நின்றால், ஜனங்கள் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள்!

எதற்கு நன்கொடை? பஞ்சாயத்தின் உரக்கிடங்குக்கு. ஊர்க் குப்பையைக் குழியில் கொட்டி, மட்க வைத்து உரமாக்கும் இடம். ஊர்ப் பங்கு வசூலானால்தான் மேலிடத்துப் பணம் வரும். இல்லாவிட்டால் கிடங்கை மூடிவிட்டு, குப்பையை வாய்க்கால் மேட்டில் கொட்டுவார்களாம். அந்த மேட்டை ஒட்டித்தான் என் வீடு. நான் ஏன் திடீரென்று பொதுச்சேவையில் குதித்தேன் என்று இப்போது தெரிகிறதா?

பஞ்சாயத்து அதிகாரி வெளியூர்க்காரர். "குப்பை என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது சார். குப்பைக்கு யார் பணம் தருவார்கள்? கம்போஸ்ட் என்று சொல்லுங்கள், கௌரவமாக இருக்கும்" என்றார். அப்படியே குதிரை வண்டியில் மைக் கட்டித் தெருத் தெருவாகச் சொன்னோம். பழைய மைக்... பாதி வார்த்தை கரகரவென்று காற்றில் போனது.

ஆனாலும் வசூல் பிரமாதம். ஜனங்களுக்கு இவ்வளவு பொறுப்புணர்ச்சியா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ரைஸ் மில் வாசலில் முதலாளி பழனியப்பன் நோட்டை நீட்டிவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க, அந்தக் கம்பி போஸ்ட்டை எங்க ஊட்டு முன்னாலயே நட்டுருங்க. ராத்திரியில நாய் எது, ஆள் எதுன்னே தெரியறதில்லீங்க."

கம்பி போஸ்ட்டா? ஐயோ... தெருவிளக்கு! தன் வாசலுக்கு விளக்குக் கம்பம் வருகிறது என்றல்லவா ஊரே கொடுத்திருக்கிறது!

மென்று விழுங்கிச் சொன்னேன்: "போஸ்ட் இல்லீங்க... குப்பை."

"காசையும் குடுத்துட்டு, குப்பையுமாங்க?" நோட்டைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினார்.

இவர் வாங்கினால் தெருவே வாங்கும். அப்புறம் என் ஜன்னலைத் திறக்க முடியுமா?

நெல் அரைக்க வந்திருந்த செல்லம்மாள் — வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர் — குறுக்கே வந்தார்.

"குப்பைங்களா? அதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? கொடிக்காலுக்குக் குப்பை அடிக்கோணும்னு பட்டி பட்டியா அலைஞ்சுக்கிட்டு இருக்கேன். அவரு காசை அவருக்கே குடுத்துருங்க. அவரு பங்குக் குப்பைக்கு நான் தாரேன்."

நீட்டிய கை மெதுவாக மடங்கியது. "இருக்கட்டுங்க... எனக்கும் வாழை இருக்குதுங்களே" என்றார் பழனியப்பன்.

எங்கள் பக்கத்து விவசாயி வாயில் குப்பை என்றால் எரு. எருவுக்காக வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறவர்களிடம், அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஒளித்து வைத்துவிட்டுப் பிரசாரம் செய்திருக்கிறோம். ஜனங்களுக்குப் புரியவில்லை, புரியவில்லை என்கிறோமே — அவர்கள் பேச்சில் என்றைக்குச் சொன்னோம்?

மறுநாள் மைக் வண்டி 'குப்பை, குப்பை' என்று கத்தியது. விளக்குக்காகக் கொடுத்த சிலர் திட்டிவிட்டுப் பணத்தை வாங்கிப் போனார்கள். கொடிக்கால்காரர்கள் அதற்கு மேலேயே முன்பணம் கட்டிவிட்டார்கள். கிடங்கு பிழைத்தது. நானும் பிழைத்தேன்.

இப்போது வேறு தலைவலி. உரம் கேட்பவர்கள் அதிகம், ஊரில் குப்பை போதவில்லை. 'இங்கே குப்பை கொட்டாதீர்' போர்டுகளை எடுத்துவிடலாமா என்று அதிகாரி என்னிடமே யோசனை கேட்கிறார்.